பின்பலகையில் தொங்கும் சுக்கான்

சென்ற மார்ச்சில் தம்பி முறையான ஒருவனுக்குப் பாய்மரப் படகு பார்க்க இங்கிலாந்தின் லிமிங்டன் போயிருந்தோம். காலையில் கான்டெஸா 32, மத்தியானம் கான்டெஸா 26. இரண்டும் ஜெரமி ரோஜர்ஸ் பட்டறையில் பிறந்தவை, இரண்டிலும் டேவிட் சாட்லரின் கை இருக்கிறது. நீளத்தில் ஆறடி வித்தியாசம். 26-க்குள் இறங்கி ஏறிய ஐந்தாவது நிமிடம் தம்பி முடிவு கட்டிவிட்டான். “அண்ணை, இதுக்குள்ள நிமிரவே ஏலாது. மற்றதையே எடுப்பம்.” நான் அப்போது படகின் பின்பக்கம், கீழே சரளைக் கல்லில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

26-இன் அழகெல்லாம் அங்கேதான். சாய்ந்த பின்பலகை. அதற்கு வெளியே எந்த மறைப்பும் இல்லாமல், கதவு தொங்குவது போலக் கீல்களில் தொங்கும் சுக்கான். அதன் தலையில் நேராகச் செருகிய கைப்பிடி. கைக்கும் கடலுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை. நார்டிக் ஃபோக்போட் என்ற பழைய படகின் வாரிசு என்பதற்கு வேறு சான்று வேண்டாம். படகு முட்டுக்கட்டைகளில் நின்றதால், சுக்கானின் அடிவிளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். நடுக்கீலில் நகக்கண் அளவு ஆட்டம். குனிந்து பார்த்தால் ஊசி ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளத்தது. குறை எது, எங்கே, எவ்வளவு என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு காலைப்பொழுதில் சரிசெய்துவிடலாம்.

காலையில் 32-இன் சுக்கானையும் அப்படித்தான் ஆட்டினேன். ‘டொக்’ என்று அடங்கிய ஒரு சத்தம். எங்கிருந்து வந்தது? சுக்கானுக்கு முன்னால் அதைத் தாங்கி நிற்கும் ஸ்கெக்கின் அடியில் இருக்கும் தாங்கியிலிருந்தா, தண்டு ஏறிப்போகும் குழாயிலிருந்தா, ஸ்கெக்கிலிருந்தேயா? தண்டு படகின் வயிற்றுக்குள் புகுந்து மேலே போகிறது. சுக்கானைக் கழற்றிக் கீழே இறக்கினால்தான் பதில் தெரியும். இறக்க வேண்டுமானால் படகை இன்னும் உயரத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பள்ளம் தோண்ட வேண்டும். புதுப் படகென்றால் இது பெரிய விஷயமில்லை. நாற்பது ஐம்பது வயதான படகை வாங்கும்போது, கண்ணுக்குத் தெரிகிற குறையைவிடப் பெரிய நிம்மதி இல்லை என்பது என் கட்சி.

32-ஐ நான் குறைத்துப் பேசவில்லை. அதைக் குறைத்துப் பேச யாருக்கும் வாய் வராது. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்துக்குக் கிளம்பிய 303 படகுகளில் ஓடி முடித்தவை 86. நடுவில் அடித்த புயலில் போட்டியாளர்கள் 15 பேரைக் கடல் கொண்டுபோனது. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் கிளம்பிய 58-இல் முடித்தது ஒன்றே ஒன்று: ‘அசென்ட்’ என்ற கான்டெஸா 32. அதே படகு பிறகு வில்லி கெர் என்ற கடலோடியோடு கிரீன்லாந்துக்கும் அண்டார்டிகாவுக்கும் போய் வந்தது. பந்தயத்துக்குப் பின் நடந்த விசாரணையில் கணக்கிட்டபோது, 32 ஏறக்குறைய 156 பாகை சாய்ந்தாலும் தானாக நிமிரும் என்று தெரிந்தது. உடன் ஓடிய ‘ஹாஃப்-டன்னர்’ வகைப் பந்தயப் படகு ஒன்றுக்கு அந்த எல்லை சுமார் 117 பாகை. படகு கட்டும் வல்வெட்டித்துறை ஓடாவிமார் ஏரா என்று சொல்லும் அடிப்பகுதியில் எடையை இறக்கி, உடலை ஒடுக்கமாக வைத்ததன் பலன் அது.

ஆனால் ‘பெரிது என்றால் பத்திரம்’ என்று அதை வைத்தே வாதாடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்தப் புயல் இரவில் 32-ஐவிடப் பெரிய படகுகள் எத்தனையோ பட்ட பாட்டை மறந்துவிடுகிறார்கள். 1985-இல் பதினெட்டு வயது டானியா ஏபி ‘வருணா’ என்ற 26-இல் நியூயார்க்கிலிருந்து கிளம்பியபோது, கடலோடிய அனுபவம் அவளுக்கு மிகக் குறைவு. பசிபிக்கைத் தாண்டி, இலங்கையையும் தொட்டு, செங்கடல் வழியாக 1987-இல் ஊர் திரும்பிவிட்டாள். தன் கைக்கு அடங்குகிற படகு அது. பாய் கிழிந்தால் மடியில் போட்டுத் தைக்கலாம். நங்கூரத்தை ஒற்றை ஆளாக இழுத்துவிடலாம்.

ஆறடி கூடுகிறபோது எடை 2,450 கிலோவிலிருந்து 4,300 கிலோவாகிறது. பாய், கம்பி, வின்ச், சங்கிலி என்று எல்லாம் அதற்கு ஏற்பத் தடிக்கின்றன. பதிலுக்குக் கிடைக்கும் வேகம்? நீர்க்கோடு 21 அடியிலிருந்து 24 அடியாவதால் மணிக்கு அரைக் கடல்மைலுக்கும் குறைவு. நாள் முழுக்க நல்ல காற்றில் ஓடினாலும் பத்து கடல்மைல்தான் முன்னே நிற்பீர்கள். அந்தப் பத்து மைலுக்காக ஒவ்வொரு முறை பாய் திருப்பும்போதும் தோள் வலிக்க வேண்டுமா?

தலை நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்ற தம்பியின் குறை நியாயமானதுதான். ஆனால் கடலில் யார் நிற்கிறார்கள்? உட்காருகிறோம், படுக்கிறோம், எதையாவது பற்றிக்கொள்கிறோம். 26-க்குள் எங்கே கை நீட்டினாலும் பிடிமானம் இருக்கிறது. இன்றைய புதுப் படகுகளில் நடுக்கூடம் ஹோட்டல் வரவேற்பறை போல விரிந்து கிடக்கிறது. படகு சாய்ந்தால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருள வேண்டியதுதான். விற்பனைக்கு எடுக்கும் படங்களும் அப்படித்தான் ஆகிவிட்டன. அன்று நாங்கள் பார்த்த 32-க்கு அனுப்பியிருந்த முப்பது படங்களில் மெத்தை ஆறு, குளிர்ப்பெட்டி இரண்டு. பாய்மரக் கம்பிகளைத் தாங்கும் இரும்புப் பட்டைகளுக்கு ஒன்றுமில்லை, அடித்தட்டுக்கு ஒன்றுமில்லை. முன்பெல்லாம் விற்கிறவரே டார்ச்சைக் கையில் கொடுத்து, “முதலில் அடித்தட்டைப் பாருங்கள்” என்பார்.

தம்பி 32-ஐத்தான் வாங்கினான். மே மாதம் கூப்பிட்டு, சுக்கானை இறக்கக் கிரேனுக்கு நாள் குறித்திருப்பதாகச் சொன்னான். சின்னது இன்னும் நிற்கிறதா என்று விசாரித்தான். அது ஏப்ரலிலேயே கைமாறிவிட்டது.

ஜூனில் ஹர்ஸ்ட் கோட்டைக்கு எதிரே சரளை மேட்டில் நின்றபோது அதைப் பார்த்தேன். வற்றுநீர் ஆறாகச் சுழித்து ஓடும் அந்த இடுக்கில், ஒரு பாயை மட்டும் விரித்து மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண்மணி கைப்பிடியை விலாவோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். சுக்கானின் இரு பக்கமும் நுரை பிரிந்து, அதன் பின்விளிம்பைத் தாண்டியதும் ஒரே கோடாகச் சேர்ந்துகொண்டது.