அகக்காட்சியும் ஆக்கத்திறனும்: ஆனந்த குமாரசுவாமியின் கொள்கை பற்றிய ஒரு நோக்கு

படைப்பாளி என்பவன் பிறர் காணாததை மனக்கண்ணிற் கண்டு, கண்டவாறே வெளியிடுபவன் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கவிதையை மதிப்பிடும்போதும் படிமத்தின் தெளிவு கவிஞனது மனக்காட்சியின் தெளிவாகவே கொள்ளப்படுகிறது. உள்ளத்தில் உருவம் தோன்றாதவனுக்குக் கலை கைகூடாது என்பது இதன் மறுதலை. இவ்வெண்ணத்துக்கு அரண் தேடுவோர் ஆனந்த குமாரசுவாமியைத் (1877–1947) துணைக்கழைத்தல் இயல்பே. அவர் கொள்கை அதற்கு எத்துணை இடந்தருகிறது என்பது ஆராயற்பாலது.

‘கலையில் இயற்கையின் உருமாற்றம்’ (1934) என்னும் ஆங்கில நூலில், சுக்கிரநீதிசாரத்தை ஆதாரமாகக் காட்டி, சிற்பி தியானத்தால் தெய்வ வடிவை உள்ளத்தே நிறுவிய பின்னரே அதனை உருவாக்க முற்படுகிறான் என அவர் விளக்குகிறார். ஆயின் அத்தியானத்துக்கு முதலாய் அமைவது தியான சுலோகமாகும். கரங்கள், ஆயுதங்கள், நிறம், இருக்கை ஆகியவற்றை வரையறுத்துரைக்கும் சொற்களே அவை. எனவே சிற்பியின் அகக்காட்சி தானே தோன்றிய கனவன்று. மரபு தந்த சொல்லினின்றும் பயிற்சியால் எழுப்பப்படுவது. பிறவியிலமைந்த கற்பனைத் தெளிவை அவர் போற்றினார் எனக் கூறுதல் பொருந்தாது.

எனினும் அவரது கொள்கையிலும் ஒரு குறை உண்டு. உள்ளத்தே காண்பது சுதந்திரச் செயல், கையாற் செய்வது அதற்கு அடங்கிய ஏவற் செயல் என அவர் பிற்கால எழுத்துக்களில் வகுத்தார். கண்டிப் பிரதேசக் கைவினைஞர் பற்றி அவரே திரட்டிய செய்திகள் இப்பாகுபாட்டுக்கு முற்றிலும் இசையவில்லை. ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ (1908) காட்டும் கலைஞர், சாரிபுத்திர முதலிய நூல்களின் அளவுப் பிரமாணங்களைக் கையிற் படிய வைத்தவர்கள். நேத்திர மங்கலத்தின்போது ஓவியன் புத்தர் சிலையை நேரே நோக்காது, கண்ணாடியில் தோன்றும் நிழலைப் பார்த்தே கண் தீட்டுவான். இதன் காரணம் சமய அச்சமே. ஆயினும் இடவலம் மாறித் தோன்றும் உருவைக் கொண்டு கண் தீட்ட வல்லது நெடும்பயிற்சியால் அளவறிந்த கையன்றோ?

பேராதனையை அண்மிய கடலாதெனிய விகாரையும் (1344) இங்கு நினைக்கத்தக்கது. கணேஸ்வராசாரியின் தலைமையில் எழுந்த அதில், தென்னிந்தியக் கோயிற் கட்டட மரபு பௌத்த வழிபாட்டுக்கு இசைவிக்கப்பட்டது. ஆசாரியாரின் மனக்கண்ணில் யாது தோன்றிற்று என்பதை எவரும் அறியார்; பழைய இலக்கணம் புதிய தேவைக்கு வளைந்து கொடுத்ததைக் கல்லில் யாவரும் காணலாம்.

மனக்கண்ணில் உருவமே தோன்றாத நிலைக்கு 2015 இல் எக்செற்றர் பல்கலைக்கழகத்து அடம் சீமனும் அவர்தம் குழுவினரும் பெயரிட்டனர். ‘சிறிய கடற்கன்னி’ (1989) என்னும் திரைப்படத்தின் நாயகியை வரைந்துருவாக்கிய கிளென் கீன் அந்நிலையினர் என்பது பின்னர் வெளிப்பட்டது. வரைந்து வரைந்தே அவர் உருவைக் கண்டடைகிறார். அவரிடத்து கை ஏவலாளன் அன்று, தேடுவதும் அதுவே.

தெளிந்த அகக்காட்சி ஆக்கத்துக்கு ஒரு வழி, ஒரே வழியன்று. தியான சுலோகத்தின் சொல்லும், பிரமாணத்தின் அளவும், கையின் பழக்கமும் ஏனைய வழிகள். படிமம் என்ற சொல்லுக்குத் தமிழில் வார்த்தோ செதுக்கியோ அமைத்த திருவுருவம் என்ற பொருளும் உண்டு. ஆதலின் திறனாய்வாளன் தேட வேண்டியது படைப்பாளியின் உள்ளத்திற் புதைந்த காட்சியை அன்று. படைப்பில் நிலைபெற்ற உருவத்தையே.