அரைப்புள்ளிக்கு எத்தனை மதிப்பெண்?

இங்கிலாந்தில் 16 வயதுப் பிள்ளைகள் எழுதும் ஜிசிஎஸ்இ ஆங்கில மொழித் தேர்வில் கதையோ வருணனையோ எழுதச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. ஏக்யூஏ வாரியத்தின் முதல் தாளில் அது ஐந்தாவது கேள்வி, 40 மதிப்பெண். 24 உள்ளடக்கத்துக்கும் ஒழுங்கமைப்புக்கும் போக, மீதி 16 எழுத்துக்கூட்டல், இலக்கணம், நிறுத்தற்குறி இத்யாதிகளுக்கு. இந்த 16இல் உச்சப்படிக்குப் போக வேண்டுமானால் நிறுத்தற்குறிகளைப் 'பரந்த வகையில்' துல்லியமாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது திருத்துவோருக்கான விதி. நான் பேச வந்தது இந்தப் 'பரந்த வகை' பற்றித்தான்.

கதையில் ஒரு குறி விழுவது வாசிப்பவரை நிறுத்த, தயங்க வைக்க, திரும்பிப் பார்க்க வைக்க. தேர்வில் அது திருத்துபவர் கண்ணில் பட விழுகிறது. கிழக்கு லண்டனில் ஓர் ஈழத் தமிழர் வீட்டில் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் நோட்டைப் புரட்டினேன். கதையின் ஓரத்தில் அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கோடு, மூன்று புள்ளி, அடைப்புக்குறி என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். கடைக்குக் கொண்டுபோகும் சாமான் சீட்டு மாதிரி. "ஒவ்வொண்டும் ஒருக்காவது வரவேணும் எண்டு ரியூசன்ல சொன்னவை" என்றாள்.

ரியூசன்காரரைத் திட்டிப் பிரயோசனமில்லை. குறியை எண்ணத்தக்க பொருளாக ஆக்கியது அரசு. 2013இல் தொடக்கப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு இலக்கணம், நிறுத்தற்குறி, எழுத்துக்கூட்டலுக்கென்றே ஒரு தனித் தேர்வு வந்தது. 2016இல், ஏழு வயதுப் பிள்ளை எழுதும் வியப்பு வாக்கியம் 'வாட்' அல்லது 'ஹவ்' என்ற சொல்லில் தொடங்கினால்தான் கணக்கில் சேரும் என்றார்கள். 2017இல் அரைப்புள்ளியின் அளவும் சாய்வும் சரியில்லை என்று மதிப்பெண் மறுக்கப்பட்டதாக ஆசிரியர்கள் முறையிட்டார்கள். ஃபூக்கோ இருந்திருந்தால் ஒரு அத்தியாயம் கூட்டியிருப்பார்.

சரி, குறி உண்மையில் என்ன செய்கிறது? இரண்டே துண்டுகளை எடுத்துக்கொள்வோம். 'கதவு திறந்திருந்தது. அம்மா இல்லை.' இங்கே இரண்டு பார்வைகள். நடுவே பிள்ளை வீட்டுக்குள் நடந்து போயிருக்கிறது, தேடியிருக்கிறது. 'கதவு திறந்திருந்தது, அம்மா இல்லை.' இப்போது இரண்டும் ஒரே தராசில். தொடர்பை யாரும் சொல்லவில்லை, வாசிப்பவர்தான் கண்டுபிடித்துப் பயப்பட வேண்டும். 'கதவு திறந்திருந்தது: அம்மா இல்லை.' கதைசொல்லிக்குக் காரணம் தெரிந்துவிட்டது, அம்மா போய்விட்டாள் என்று திறந்த கதவே சொல்கிறது. கோடு போட்டுப் பாருங்கள்: 'கதவு திறந்திருந்தது — அம்மா இல்லை.' மூச்சு அறுந்துபோகிறது. மூன்று புள்ளி வைத்தால் சொல்ல மனமில்லாமல் இழுக்கிறது பிள்ளை. சொற்கள் மாறவேயில்லை. மாறியது சொல்பவரின் அறிவு, பயம், நேரம். ஐந்தையும் ஒரே பத்தியில் அடைத்தால் சொல்பவர் யாரென்றே தெரியாமல் போகும். ஆனால் எண்ணிக்கை தேறும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் இன்னொரு சிக்கல். நம் இலக்கணப் பாடத்தில் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. எல்லாம் மூச்சுக் கணக்கு. ஆங்கில முக்காற்புள்ளியோ அரைப்புள்ளியைவிட நீண்ட நிறுத்தம் என்பதல்ல, அடுத்து வருவதற்குத் திறந்துவிடும் வாசல். கால், அரை, முக்கால் என்று ஏணிபோல் படித்துவிட்டு அங்கே போனால் தடுக்கும். தவிர, அச்சுக்கு முன் ஓலையில் இந்தக் குறிகள் நம்மிடம் இருந்ததில்லை. தமிழ் உரைநடையில் அவற்றை ஊன்றியவர்களில் ஆறுமுக நாவலர் முக்கியமானவர். வியப்பை ஓர் 'ஏ'யும், ஐயத்தை ஓர் 'ஓ'வும், மேற்கோளை ஓர் 'என்று'ம் பார்த்துக்கொள்ளும் மொழி இது. 'அம்மா இல்லையே' என்ற பிறகு எதற்கு வியப்புக்குறி? அம்மம்மாவிடம் இப்படிப் பேசி வளரும் பிள்ளையின் ஆங்கிலக் கதையில் குறி குறைந்தால், உணர்ச்சி குறைவு என்று எப்படி முடிவுகட்டுவது?

இந்த இடத்தில் நம் நண்பர்கள் சிலர் உடனே கொடி தூக்குவார்கள்: குறியே அதிகாரம், உடைத்தெறி! சாம் செல்வனைக் காட்டுவார்கள். டிரினிடாடில் பிறந்தவர், அப்பா மதராஸிலிருந்து போன தமிழர். 1956இல் வந்த 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவலில் லண்டன் கோடையைச் சொல்லும் பகுதி பக்கம் பக்கமாக நிறுத்தற்குறியில்லாமல் ஓடும். 1994இல் புக்கர் பரிசு பெற்ற ஜேம்ஸ் கெல்மன், பேச்சுக்கு மேற்கோள்குறி போடமாட்டார். மேற்கோள்குறி போட்டால் கதைசொல்லியின் தரமான ஆங்கிலம் வெளியே, கிளாஸ்கோக்காரனின் கொச்சை வேலிக்குள்ளே என்றாகிவிடும். இரண்டும் அருமையான மறுப்புகள்தான். ஆனால் செல்வனின் அந்தப் பக்கங்கள் நம்மை இழுத்துக்கொண்டு போவது, நாவலின் மற்றப் பக்கங்களில் முற்றுப்புள்ளி ஒழுங்காக இருப்பதால். அதோடு, 16 வயதுப் புலம்பெயர் பிள்ளையைக் கலகம் பண்ணச் சொல்லிவிட்டு, போகிற மதிப்பெண்ணுக்கு நாமா பொறுப்பேற்கப்போகிறோம்? இந்தப் பாடத்தின் மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் அந்தத் துல்லியக் கணக்கில்தான் இருக்கிறது.

நான் சொல்வது வேறு. அந்தச் சாமான் சீட்டைக் கிழித்துவிட்டு, கதைக்குள் ஆட்களைக் கூட்டுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பேசும் அம்மம்மாவின் தொலைபேசிக் குரல் அறுந்து அறுந்து வருகிறதா, கோடு தானாக வரும். விசா அலுவலகக் கடிதம் அரைப்புள்ளி அரைப்புள்ளியாக நிபந்தனை அடுக்கும். அண்ணன் எதற்கும் பதில் சொல்லாமல் மூன்று புள்ளியில் நழுவுவான். தங்கச்சி ஓயாமல் கேட்பாள், அவளுக்கு வினாக்குறி. பிள்ளை தனக்குள் சொல்லிக்கொள்வதற்கு அடைப்புக்குறி. பக்தின் சொன்ன பலகுரல் இதுதானே. திருத்துபவர் கேட்கும் பரந்த வகையும் கிடைத்துவிடும், ஒரு குறிகூட அவருக்காகப் போட்டதாக இருக்காது. லண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள், மாத்திரைக் கணக்கை ஒப்பிக்க வைக்கும் நேரத்தில், அந்தக் கதவு வாக்கியத்தை ஐந்து விதமாகப் பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பார்க்கலாம்.