அடியும் ஆடலும்

‘அடி’ என்னும் சொல் தமிழில் காலையும் குறிக்கும். செய்யுளின் வரியையும் குறிக்கும். இரண்டையும் எண்ணிக் கற்பிக்கலாம். ஆனால், எண்ணத் தெரிந்தவர் கற்றவர் ஆவரோ? அர்ஜென்டினாவின் ‘டாங்கோ’, ‘வால்ஸ்’ என்னும் இணையாடல்களைச் சில நாழிகைகளில் கற்பிக்கும் பயிலரங்குகள் பல நாடுகளிலும் நடைபெறும் இந்நாளில், இவ்வினா ஆராயத்தக்கது.

டாங்கோ, பிளாட்டா ஆற்றங்கரை நகரங்களில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எளிய மக்களிடையே தோன்றியது. 2009-இல் யுனெஸ்கோ அதனை மானிடப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. பயிலரங்கில் பெரும்பாலும் முதலில் கற்பிக்கப்படுவது எட்டு அடிகள் கொண்ட ஒரு வரிசை. அது கைவந்ததும், ஆடல் வந்துவிட்டதெனக் கற்பவர் மகிழ்வர். ஆயினும், மக்கள் கூடி ஆடும் டாங்கோவில் முன்னரே வகுத்த வரிசை இல்லை. ஒருவர் நடத்த, மற்றவர் அவர்தம் உடற்குறிப்பை உணர, அடி அவ்வப்போதே பிறக்கிறது. டாங்கோவின் தாளம் நான்கு எண்ணிக்கை; வால்ஸின் தாளம் மூன்று. நான்கில் நின்று நின்று நடக்கப் பழகிய கால், மூன்றில் தங்காது ஒழுக வேண்டும். இவ்வேறுபாட்டைச் செவி உணராவிடில் கால் என் செய்யும்?

இதற்குச் சான்று ஜொகூரிலேயே உண்டு. மூவார் வட்டாரத்து லெங்காவிலும் மெர்சிங்கிலும் வழங்கும் ‘ஸாப்பின்’ ஆடல், ஹத்ரமௌத் அராபியர் வழி வந்து மலாய் மக்கள் தமதாக்கிக்கொண்டது. ‘கம்புஸ்’ என்னும் நரம்புக்கருவியின் தனி இசையோடு அது தொடங்கும். ‘மர்வாஸ்’ என்னும் சிறுபறைகள் ஓங்கி முழங்கும்போது ஆடுவோர் அடியை மாற்றித் தாழ்ந்தும் துள்ளியும் ஆடுவர். அங்கே அடிக்கு ஆணையிடுவது பறையே.

இளங்கோவடிகள் இதனை நன்கு அறிந்தவர். மாதவி 5 வயதில் தொடங்கி, 7 ஆண்டுகள் பயின்று, 12 வயதில் அரங்கேறினாள். அரங்கேற்று காதை ஆடலாசிரியனோடு அமையவில்லை. இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணத்தையும் நிரல்பட உரைக்கிறது. இதனை வெறும் பட்டியலென்று கருதிக் கடந்து செல்வோர் உளர். அது பொருந்தாது. இசையும் சொல்லும் தாளமும் அறியாத ஆடல் இல்லை என்னும் கலைக்கொள்கையே அங்குப் பேசப்படுகிறது.

பயிலரங்கே வேண்டா என்பது இதன் கருத்தன்று. ஏழாண்டுப் பயிற்சி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. சிறு பயிற்சியும் ஒரு வாயிலே. ஆனால், அடியைக் காட்டுமுன் இசையைக் கேட்பிக்க வேண்டும். அவ்விசைக்கு இயைய வெறுமனே நடக்கச் செய்தல் வேண்டும். வரிசை பின்னர் வரலாம்.

தமிழ் வகுப்புக்கும் இது பொருந்தும். வெண்பாவை ஒருமுறையேனும் வாய்விட்டு ஓதக் கேளாமல், நேர் நிரை எனப் பிரித்து முழு மதிப்பெண் பெறும் மாணவன், எட்டு அடிகளை மனப்பாடம் செய்த ஆடுநனை ஒப்பான். இருவருக்கும் கணக்குத் தெரியும், ஓசை தெரியாது. முதலில் திறக்க வேண்டியது செவியே.