நினைவேக்கமும் அதன் அடித்தளமும்: கனேடிய சின்தசைசர் றொக் இசை பற்றிய ஒரு நோக்கு

1980களில் இளைஞராயிருந்த கனேடிய மத்தியதர வர்க்கத்தினரிடையே, அக்காலச் சின்தசைசர் றொக் குழுக்கள் பற்றிய நினைவேக்கம் அண்மைக் காலத்தில் வலுப்பெற்று வந்துள்ளது. பழைய இசைத்தட்டுகள் மறுபதிப்புப் பெறுகின்றன. கலைந்துபோன குழுக்கள் மீண்டும் மேடையேறுகின்றன. மச்மியூசிக் என்னும் இசைத் தொலைக்காட்சியின் வரலாறு கூறும் '299 குயீன் ஸ்றீற் வெஸ்ற்' என்ற ஆவணப்படம் 2023இல் வெளியாயிற்று. இவ்வேக்கத்தை முதுமையின் பலவீனமென ஒதுக்குவோர் உளர். முதலாளித்துவப் பண்பாட்டுக் கைத்தொழிலின் பழம்பண்டம் என்று ஒரு சொல்லிற் கூறி அப்பாற் செல்லும் மார்க்சிய நண்பர்களும் உளர். இவ்விரு நிலைப்பாடுகளும் எமக்கு உடன்பாடானவையல்ல. பழையதை நினைவுகூர்வோர் அந்நினைவிலே எதனை விடுத்துவிடுகின்றனர் என்பதே இங்கு நாம் ஆராய விழைவது.

மொன்றியல் நகரின் 'மென் வித்தவுட் ஹற்ஸ்' குழுவினரின் 'சேஃப்ற்றி டான்ஸ்' இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது. 1982இல் வெளியான அவர்களது முதலாவது நெடுந்தட்டிலே இடம்பெற்ற இப்பாடல், 1983இல் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை உயர்ந்தது. துள்ளியாடியமைக்காக இரவு விடுதியொன்றிலிருந்து வெளியேற்றப்பட்ட அனுபவமே தம்மை இதனை எழுதத் தூண்டியதெனப் பாடகர் ஐவன் டொரோஸ்சுக் கூறியுள்ளார். ஆக, நகர இளைஞன் ஒருவனின் சிறு எதிர்ப்புக்குரல் அது. ஆனால் அதற்கென எடுக்கப்பட்ட வீடியோப் படமோ இங்கிலாந்தின் வெஸ்ற் கிங்ரன் கிராமத்தில் நிகழ்கிறது. மத்தியகால உடையணிந்த மக்கள், நாட்டார் நடனம், பொம்மலாட்டம் ஆகியவற்றினூடே பாடகர் துள்ளிச் செல்கிறார். குழுவின் ஏனையோர் அதிற் காணப்படவில்லை. மின்னணுக் கருவிகளாற் பிறந்த நகர இசை, தான் ஒருபோதும் வாழ்ந்திராத கிராமமொன்றின் உடையைப் பூண்டுகொள்கிறது. விடுதி வாயிலிற் பிறந்த எதிர்ப்பு திருவிழாக் களிப்பாக மாற்றமுறுகிறது. இன்று அப்படத்தைக் கண்டு ஏங்குபவர், முன்னரே ஓர் ஏக்கமாகப் புனையப்பட்டதொன்றைக் கண்டு ஏங்குகின்றார் எனலாம். (அப்படம் அழகானது என்பதை நாம் மறுக்கவில்லை.)

இக்குழுக்கள் எவ்வாறு தோன்றின என்னும் வினாவுக்கு, நினைவேக்கம் தரும் விடை 'இளமையின் வேகம்' என்பதே. புறநிலை உண்மைகள் வேறாகவுள்ளன. வானொலியில் ஒலிக்கும் இசையில் 30 சதவீதம் கனேடிய இசையாயிருத்தல் வேண்டுமென்ற விதி 1971இல் நடைமுறைக்கு வந்தது. நிலைய உடைமையாளர் பலர் அதனை எதிர்த்தனர். சிலர் உள்நாட்டுப் பாடல்களைக் கேட்போர் குறைந்த வேளைகளிலே போட்டுக் கணக்கைச் சரிசெய்தனர். அவ்வேளைகளுக்கு 'பீவர் நேரம்' என்ற ஏளனப் பெயரும் வழங்கிற்று. எனினும் அமெரிக்கச் சந்தையின் நிழலிலே உள்நாட்டு இசைக்கான களமொன்று இவ்விதியினால் உருவாயிற்று. 1984 ஆகஸ்ட் 31இல் மச்மியூசிக் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டிலேயே, அதன் வருமானத்தின் ஒரு பகுதியைக் கொண்டு கனேடியக் கலைஞரின் வீடியோப் படங்களுக்கு உதவும் நிதியமொன்றும் அமைந்தது. பேர்லிங்ரன் என்னும் சிறுநகரில் உருவான 'ஸ்பூன்ஸ்' போன்ற குழுவொன்று நாடறிந்த குழுவாக வளர்ந்தமைக்கு அதன் திறமையோடு இத்தகைய களமும் காரணமாயிருந்தது என்பதை நாம் மனங்கொளல் வேண்டும்.

மறக்கப்படும் பிறிதொன்று அவ்விசையின் பாடுபொருள். 1980களின் தொடக்கத்திற் கனடா கடும் பொருளாதார மந்தத்துக்குள்ளாகியிருந்தது. 1982இன் இறுதியில் வேலையின்மை 12 சதவீதத்தைக் கடந்தது. அணுவாயுதப் போர் பற்றிய அச்சமும் மேற்குலகெங்கும் பரவியிருந்தது. மொன்றியலைச் சேர்ந்த 'ரஷனல் யூத்' குழுவினர் தமது 1982ஆம் ஆண்டு இசைத்தட்டுக்குக் கெடுபிடிப்போரின் பெயரையே சூட்டினர். போலந்தின் தொழிற்பிரதேசமான சிலீசியாவும் அவர்களுக்குப் பாடுபொருளாயிற்று. சோசலிச நாடுகளை அவர்கள் நோக்கிய கோணம் எமக்கு முற்றும் ஏற்புடையதன்று. ஆயினும் தமது நடன இசையினுள் உலக அரசியலைக் கொணர்ந்த நேர்மையை மதிக்காதிருக்க முடியாது. இன்றைய நினைவேக்கத்திற் சிகையலங்காரமும் தோட்பட்டை உயர்ந்த மேலங்கியும் எஞ்சி நிற்க, அந்த அச்சமும் வேலையற்ற இளைஞனும் காணாமற் போய்விடுகின்றனர்.

ஆயினும் இவ்வேக்கத்தின் உள்ளே மெய்ம்மையான கூறு ஒன்று இல்லாமலில்லை. வன்கூவரிலும் ஹலிபக்ஸிலும் இருந்த இளைஞர் ஒரே மாலையில் ஒரே படத்தைக் கண்டு, மறுநாள் பள்ளியில் அதுபற்றி உரையாடக்கூடிய பொதுவெளியொன்று அன்று இருந்தது. அவ்வெளி இலாபநோக்கில் இயங்கிய தனியார் நிறுவனத்தினதே. ஆனால் பொதுச்சட்டத்தின் கட்டுப்பாடு அதன்மீது இருந்தது. 2017இல், உரிமம் புதுப்பிக்கப்பட்டபோது, மச்மியூசிக்கின் அன்றைய உடைமையாளரான பெல் மீடியா நிறுவனத்தின் வேண்டுகோளை ஏற்று, நிதியத்துக்குப் பங்களிக்கும் கடப்பாட்டை ஒழுங்கமைப்பு ஆணைக்குழு நீக்கியது. அவ்வாண்டிலேயே நிதியமும் மூடப்பட்டது. பழைய குழுக்களுக்காக ஏங்குவோரின் உரையாடல்களில் இத்தீர்மானம் பேசப்படுவது அரிது. 2021இல் மச்மியூசிக் என்ற பெயர் ரிக்ரொக் தளத்தில் மீண்டும் தோன்றியபோது அந்நிதியம் அதனுடன் மீளவில்லை.