இரண்டு சுற்றுக்கு ஓர் இடறல்

கெமன்சா ஓடைச் சேற்றில் ஓடிக் களைத்த ஏடிவி அது. உலு கிளாங்கிற்கு மேலே, டுரியான் தோட்டங்களை ஒட்டி, சனி ஞாயிறுகளில் இந்த நான்கு சக்கர வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டு போவதைக் கோலாலம்பூர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். எஞ்சினை இறக்கி, புது பிஸ்டன், புது ரிங், சட்டத்துக்குப் புதுப் பெயின்ட் எல்லாம் முடிந்து வந்த வண்டி, ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் முனகியது. வேலை பார்த்த இடத்தில், "ரிங் இறுக்கம், ஓட ஓடச் சரியாகிடும். இல்லன்னா பெரிய பேட்டரி போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

கிள்ளானில் மேரு சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மோட்டார் பட்டறை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் அண்ணனின் காதுக்காகவே நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிப் போவதுண்டு. அந்த ஏடிவி அங்கே வந்த அன்றும் போயிருந்தேன்.

"அழுத்துங்க தம்பி" என்றார் வண்டிக்காரப் பையனிடம். கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு வாட்டி."

ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு தாளம் உண்டு. நான்கு அடிக்கு இரண்டு சுற்று. அந்த இரண்டு சுற்றில் ஒரே ஒருமுறைதான் பிஸ்டன் காற்றை அமுக்குகிறது. சுமை ஏறுவது அந்த ஓர் இடத்தில்தான். எல்லாச் சுற்றும் ஒரேமாதிரி சோர்ந்து வந்தால் மின்சாரம் போதவில்லை என்று பொருள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் முட்டி நின்று கடந்தால் கோளாறு அமுக்கத்தில். இந்த வண்டியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்டன. எனக்கு அது வெறும் முனகல்தான். அவருக்கு இரண்டு குரல்.

பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றச் சொன்னார். அமுக்கமே இல்லாதபோது எஞ்சின் விசிறிபோல் சுழல வேண்டும். சுழலவில்லை. ஸ்பேனரை மாட்டிக் கையால் திருப்பிப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு திரும்பியது. ரிங் பாவம், அதன்மேல் பழி இல்லை. பிறகு மீட்டர். ஸ்டார்ட்டர் முனகும்போதும் பேட்டரியில் 11 வோல்ட்டுக்கு மேல் நின்றது. இந்த இடம் எனக்கு மிகப் பிடிக்கும். பேட்டரி நொந்திருந்தால் அந்த முள் 9க்குக் கீழே சரிந்திருக்கும். சரியாமல் நிற்கிறதென்றால் பேட்டரி தரத் தயார், வழியில் எதுவோ தடுக்கிறது. மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் கட்டையிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து மறுபடி அழுத்தச் சொன்னார். 0.2க்குள் இருக்கவேண்டியது 1.3 காட்டியது. எர்த் வயரின் காதுக்கடியில் பளபளவென்று புதுப் பெயின்ட்! எஞ்சினை இறக்கி ஏற்றிய வண்டியில், கை கடைசியாகப் பட்ட இடங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து முடுக்கினார்.

எஞ்சின் பற்றிக்கொண்டது. பையன் பணப்பையை எடுத்துவிட்டான். அண்ணன் தலையை ஆட்டினார். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அந்த இடறல் இன்னும் இருந்தது. "ஸ்டார்ட் ஆவுது, ஆனா நல்லா இல்ல" என்றார். நான் அவரை வியப்பது இந்தச் சொல்லுக்காகத்தான். ஓடுகிற வண்டியை இப்படிச் சொல்லி நிறுத்திவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

சென்னையில் தயாரான பழைய என்ஃபீல்டு புல்லட்டில் கைப்பிடியருகே ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். உதைக்குமுன் அதை அழுத்தினால் எக்ஸாஸ்ட் வால்வ் கொஞ்சம் திறந்து அமுக்கத்தை வெளியேற்றிவிடும். அதே வேலையை இந்த ஏடிவியில் கேம் தண்டிலுள்ள ஒரு குட்டி எடை தானாகச் செய்கிறது. எஞ்சின் மெல்லச் சுற்றும்போது வால்வைத் துளியளவு தூக்கிப் பிடிக்கும். வேகமெடுத்ததும் வெளியே வீசப்பட்டு விலகிக்கொள்ளும். அந்தத் தூக்கல் மில்லிமீட்டரில் ஒரு பின்னம்தான். வால்வ் இடைவெளியை அதிகமாக விட்டால் அவ்வளவையும் அது விழுங்கிவிடும்.

வால்வ் மூடியைத் திறந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைச் செருகினார். குறைவாக வைத்தால் வால்வ் எரிந்துவிடும் என்ற பயத்தில் யாரோ தாராளமாக விட்டிருந்தார்கள். அளவுக்குக் கொண்டுவந்து, தகடு இழுபடும் பதத்தை விரலால் மூன்று தடவை பார்த்து, நட்டைப் பூட்டினார்.

பொத்தானை அழுத்தியதும் எங்கும் தடுக்காமல் ஒரே இழையாகச் சுழன்று பற்றியது. உடனே நிறுத்தச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி அழுத்துங்க தம்பி."

பார்க்க இனி ஒன்றும் மிச்சமில்லை. கேட்கவேண்டும்போல் இருந்திருக்கும். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.