வழக்கறிஞர் புகழும் கட்சிக்காரர் துயரும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மன்றோவில், எழுத்தாளர் ஹார்ப்பர் லீ பிறந்த ஊர். அவர் 1960இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்னும் புதினம், பொய்க் குற்றம் சுமத்தப்பெற்ற கறுப்பினத்தவர் ஒருவருக்காக வாதாடும் வெள்ளையின வழக்கறிஞரை உயர்த்திக் காட்டுகிறது. கட்சிக்காரரோ சிறையில் சுட்டுக் கொல்லப்படுகிறார். எனினும், கற்போர் நெஞ்சில் நிலைப்பது வழக்கறிஞரின் பெருமையே.

அதே வட்டாரத்தில் 1987இல் வால்டர் மெக்மில்லியன் என்னும் கறுப்பினத்தவர், தாம் செய்யாத கொலைக்காகக் கைதானார். கொலை நிகழ்ந்த வேளையில் அவர் தம் இல்லத்தில் பலர் கண்காண இருந்தவர். ஜூரிகள் ஆயுள் தண்டனையே பரிந்துரைத்தும், நீதிபதி 1988இல் மரண தண்டனை விதித்தார். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் போராடி, 1993இல் அவரை மீட்டார். அவ்வரலாற்றைக் கூறும் அவருடைய ‘ஜஸ்ட் மெர்சி’ 2014இல் வெளிவந்தது.

வெற்றியோடு நின்றுவிடாமையே இந்நூலின் சிறப்பு. முதுமையில் நினைவு தடுமாறிய மெக்மில்லியன், மீண்டும் மரணச் சிறையில் அடைபட்டதாக அஞ்சியதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. பிற வழக்குகள் இடையிடையே புகுந்து கதையோட்டத்தை அறுப்பது குறையெனத் தோன்றலாம். ஆயினும், ஒருவர் மீண்ட பின்னும் பலர் சிறையில் காத்திருப்பதை அதுவே உணர்த்துகிறது.

புதினத்தைக் கற்பிப்போர் இந்நூலையும் உடன்வைத்துக் கற்பித்தல் நன்று. வழக்கறிஞரைப் போற்றும் மாணவர், கட்சிக்காரரின் துயரையும் அப்போது அறிவர்.