நினைவின் விலை: குடும்பப் புகைப்படமும் கொடக் விளம்பரமும்

ஒரு வீட்டின் அல்பத்தைப் புரட்டிப் பார்ப்போருக்கு, அவ்வீட்டில் துன்பம் என ஒன்று நிகழ்ந்ததே இல்லையோ என்ற ஐயம் எழும். பிறந்தநாள், கடற்கரை, புத்தாடை, சிரிப்பு என்பனவே பக்கந்தோறும் நிறைந்திருக்கும். வேலை பறிபோன நாளும், தாய் அடுப்படியில் வியர்த்து நின்ற நாளும் அங்கே இடம்பெறா. இன்பத்தைப் போற்றித் துன்பத்தை மறக்க விரும்புதல் மனித இயல்பன்றோ என்று கூறி இதனைத் தள்ளிவிடலாம். ஆயின் இயல்பு எனப்படுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. குடும்பப் புகைப்படத்தைப் பொறுத்தவரை அவ்வரலாற்றின் பெரும்பகுதி, நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில், ஒரு கம்பனியின் விளம்பரப் பகுதியிலே எழுதப்பட்டது.

அவ்விளம்பரங்களுக்கு முந்திய நிலையை முதலில் நோக்குவோம். 1839இல் புகைப்படக்கலை உலகறிய வந்தபின், அமெரிக்கக் குடும்பங்கள் பல தம் இறந்த குழந்தைகளை மடியில் கிடத்திப் படம்பிடித்து வைத்தன. அக்குழந்தைக்கு எஞ்சிய ஒரே படமாகவும் அது பல வேளைகளில் அமைந்தது. துக்கத்தைக் கண்ணெதிரே வைத்திருப்பதை அம்மக்கள் நாணத்துக்குரியதாகக் கருதவில்லை. ஆகவே, மகிழ்ச்சியை மட்டுமே படம்பிடித்தல் மனிதரின் மாறா இயல்பு என்ற வாதம் இங்கேயே தகர்ந்துவிடுகின்றது.

1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் தமது கொடக் கமராவைச் சந்தைக்குக் கொணர்ந்தார். விலை 25 டொலர். தொழிலாளி ஒருவரின் இரண்டு வாரக் கூலிக்கும் மேற்பட்ட தொகை. நூறு படங்களுக்கான சுருள் உள்ளே இருந்தது. அது முடிந்ததும் கமராவையே ரொச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டொலர் பெற்றுக்கொண்டு படங்களை உருவாக்கி, புதிய சுருளிட்டுத் திருப்பி அனுப்புவர். “பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மிகுதியை நாம் பார்த்துக்கொள்வோம்” என்பது அக்காலத்து விளம்பரம். இச்சிறு வாக்கியத்தை இலக்கிய மாணவர்கள் கூர்ந்து கற்றல் வேண்டும். இதில் ‘மிகுதி’ என்ற சொல்லுக்குள் மறைந்திருப்பது உழைப்பு. இருட்டறைகளில் நின்று படங்களைக் கழுவியும் உலர்த்தியும் ஒட்டியும் வேலை செய்த ஆண்களும் பெண்களும் அச்சொல்லுக்குள்ளே காணாமற் போயினர். வாங்குவோனிடம் எஞ்சியது ஒரு விரலின் அசைவு மட்டுமே.

இதில் முற்போக்கான கூறு எதுவும் இல்லையெனல் நேர்மையாகாது. 1900இல் வெளிவந்த பிரௌனி கமராவின் விலை ஒரு டொலர். ஆறு படங்களுக்கான சுருள் 15 சதம். முதலாண்டிலேயே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவை விலைபோயின. அதுவரை பிரபுக்களும் வணிகருமே ஓவியனை அமர்த்தித் தம் முகத்தைக் காலத்திடமிருந்து காத்துக்கொண்டனர். இப்போது பட்டறைத் தொழிலாளியின் மகளுக்கும் ஒரு முகம் எஞ்சியது. இது சிறிய வெற்றியன்று. ஆயின் கருவி மக்களின் கைக்கு வந்தபோது, அதனால் எதைக் காண்பது என்ற தீர்மானம் அவர்கள் கைக்கு வரவில்லை.

அத்தீர்மானத்தை விளம்பரம் எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் அது விற்றது விளையாட்டையும் பயணத்தையும். 1890களில் தோன்றிய ‘கொடக் பெண்’ கையிற் கமராவுடன் கடலோரங்களிலும் மலைகளிலும் உலாவினாள். காலப்போக்கில் குரல் மாறியது. 1914இல் ஓட்டோகிராபிக் கமரா வந்தது. படச்சுருளின் ஓரத்திலேயே நாளையும் குறிப்பையும் எழுதும் வசதி அதில் இருந்தது. முதலாம் உலகப் போரில் சட்டைப் பைக்குள் அடங்கும் கொடக், போர்வீரனின் கமராவாக விற்கப்பட்டது. மகனைப் போர்முனைக்கு அனுப்பிய வீட்டில் பிரிவச்சம் குடிகொண்டிருந்தது, அவ்வச்சமே சந்தையாயிற்று. 1920களில், கதையைக் கொடக்கே காத்து வைக்கட்டும் என விளம்பரங்கள் கூறின. பாட்டியின் நாவிலும் ஊராரின் பேச்சிலும் வாழ்ந்த கதையைக் காக்கும் பொறுப்பு, இவ்வாறு ஒரு வணிகப் பெயருக்கு மாற்றப்பட்டது. நிகழ்ந்ததை எண்ணி ஏங்குதல் பழையது; நிகழும்போதே, பின்னர் ஏங்குவதற்கென அதனைச் சேமித்தல் புதியது. இன்று இன்பம் துய்ப்பவன் நாளைய ஏக்கத்துக்கு மூலப்பொருள் சேர்ப்பவனானான்.

நான்சி மார்த்தா வெஸ்ட் 2000இல் வெளியிட்ட ஆய்வுநூல், இவ்விளம்பரங்கள் இல்லத்துப் புகைப்படத்திலிருந்து துயரத்தையும் சாவையும் அகற்றியதை எடுத்துக்காட்டுகின்றது. நாம் இன்னுமொரு வினாவை எழுப்புதல் வேண்டும். அகற்றப்பட்டவை உணர்ச்சிகள் மட்டுமா?

நியூயோர்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் புகையிரத நிலையத்தில் 1950 முதல் 1990 வரை, 18 அடி உயரமும் 60 அடி அகலமுமான ‘கலராமா’ என்னும் ஒளிப்படத்தைக் கொடக் காட்சிக்கு வைத்தது. அதன் முற்பகுதி ஆண்டுகளில், பசும்புல் முற்றத்தில் சிரித்து நின்ற குடும்பங்கள் பெரும்பாலும் வெள்ளையின நடுத்தரக் குடும்பங்களே. வண்ணப்படச் சுருளும் வெள்ளைத் தோலை அளவுகோலாகக் கொண்டே செம்மைப்படுத்தப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளின் முகங்கள் வகுப்புப் படங்களில் இருளாய்ப் போயின. லோர்னா ரோத் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுருள் திருத்தப்படுவதற்கு முக்கிய தூண்டுதலாக அமைந்தவை சொக்லேற் உற்பத்தியாளரும் தளபாட உற்பத்தியாளரும் தெரிவித்த முறைப்பாடுகளே. பிள்ளையின் முகத்துக்கு இல்லாத மதிப்பு பண்டத்தின் நிறத்துக்கு இருந்தது!

ரொச்செஸ்டரின் வீதிகளோ வேறு கதை கூறின. 1964 யூலையில் அங்கு கறுப்பின மக்களின் கொந்தளிப்பு வெடித்தது. அடுத்த ஆண்டு தோன்றிய ‘ஃபைற்’ என்னும் அமைப்பு, கொடக்கிடம் வேலை கேட்டது. 1966 டிசம்பரில் 600 பேருக்கு வேலை வழங்கும் உடன்படிக்கையிற் கம்பனி அதிகாரி ஒருவர் ஒப்பமிட, சில நாட்களிலேயே கம்பனி அதனை நிராகரித்தது. கலராமாவின் முற்றத்துக்குள் இக்காட்சி வரவில்லை.

2012 ஜனவரியில் கொடக் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. கம்பனி சரிந்தது, அது கற்பித்த பார்வை சரியவில்லை. இன்று நம் கைத்தொலைபேசி, ‘சில ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்’ என்று தானே படங்களைத் தெரிந்தெடுத்து, இசையும் சேர்த்து நம்முன் வைக்கின்றது. பொத்தானை அழுத்துவதோடு நில்லாமல், நினைவுகூரும் வேலையையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

எனினும் விளம்பரத்தின் ஆணையை மீறிய படங்களும் உண்டு. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிற் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில், தாய்மார் ஏந்தி நின்ற படங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றுட் பல ஸ்ரூடியோவிலோ கொண்டாட்டமொன்றிலோ மகிழ்ச்சியோடு எடுக்கப்பட்டவை. ஏக்கத்துக்கெனச் சேமித்த அச்சிரிப்பு, வீதியிலே சாட்சியாகி நீதி கேட்கின்றது. படத்தின் பொருளை முடிவுசெய்வது அதனை விற்றவனல்லன். ஏந்தி நிற்கும் கையே என்பதற்கு இதனிலும் மேலான சான்று வேண்டுமோ?

ஆகவே அல்பத்தை எரித்துவிட வேண்டியதில்லை. அதனைப் படிக்கக் கற்றல் வேண்டும். இப்படத்தில் இல்லாதவர் யார், இச்சிரிப்புக்கு உழைத்தவர் யார், கமராவைப் பிடித்தவர் யார் என்று நம் மாணவர் கேட்கட்டும். அவ்வினாக்களோடு புரட்டப்படும் அல்பம், விற்பனையாளனின் கையிலிருந்து மீண்டு மக்களின் வரலாறாகும்.